30 வயதில் டைப் 1 சர்க்கரைநோய்... ஓட்டத்தை நிறுத்தாத வாசிம் அக்ரம்!

1999 ஜனவரி, சேப்பாக்கம். சச்சின் 136 ரன் அடித்தும் இந்தியா 12 ரன்னில் தோற்றது. சோகத்தோடு எழுந்து நின்று கைதட்டிய சென்னை ரசிகர்களுக்கு முன்னால், மைதானத்தைச் சுற்றி வந்தது பாகிஸ்தான் அணி. அதன் கேப்டன் வாசிம் அக்ரம் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு ஆடுபவர் என்பது கேலரியில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

1997-ல், 30 வயதில் அவருக்கு டைப் 1 சர்க்கரைநோய் இருப்பது தெரிந்தது. 'அது குழந்தைகளுக்குத்தானே வரும்?' என்பார்கள். பெரியவர்களுக்கும் வரும். இனிப்பு சாப்பிட்டதால் வருவதல்ல. உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. மாத்திரை போதாது, இன்சுலின் கட்டாயம்.

ஓடுகிறவர்களுக்குச் சிக்கலே இங்குதான். ஓடும்போது தசைகள் சர்க்கரையை மளமளவென இழுத்துக்கொள்ளும். போட்ட இன்சுலினும் சேர்ந்துகொண்டால் சர்க்கரை சட்டென இறங்கி கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். வெயிலில் ஓடுபவருக்கு அந்த வியர்வை எதனால் என்று எப்படித் தெரியும்? அதனால்தான் ஓடுவதற்கு முன்பும் பின்பும் பரிசோதனை, பாக்கெட்டில் குளுக்கோஸ். மாலையில் ஓடினால் நள்ளிரவுத் தூக்கத்தில்கூட இறங்கலாம். வீட்டில் இருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். சிலருக்கு, வேகமாக ஓடினால் சர்க்கரை ஏறவும் செய்யும். ஒருவரின் கணக்கு இன்னொருவருக்கு ஒத்துவராது. இன்சுலின் அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

அக்ரம் அதன்பிறகும் 2003 வரை ஆடினார். அந்த ஆண்டு உலகக் கோப்பையில், ஒருநாள் போட்டிகளில் 500 விக்கெட் எடுத்த முதல் பௌலர் ஆனார். அப்போது அவருக்கு வயது 36.