தாமஸ் லிங்கனின் முன்னோர் யார்?

கென்டக்கி, இந்தியானா, இல்லினாய் என்று காட்டைத் திருத்திக் குடியேறிக்கொண்டே சென்றவர் தாமஸ் லிங்கன் (1778–1851). உழவர், தச்சு வேலையும் அறிந்தவர். தம் பெயரை மட்டும் தட்டுத்தடுமாறி எழுதுவார். குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனின் தந்தை இவரே. இவருடைய முன்னோர் யாவர் என்பதை அந்த மகனாலேயே முழுவதும் கண்டறிய முடியவில்லை என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும்.

1786இல் கென்டக்கியில், வயலில் வேலை செய்துகொண்டிருந்த தாமஸின் தந்தையைப் பழங்குடியினர் சுட்டுக் கொன்றனர். தாமஸுக்கு அப்போது எட்டு வயது. குலக்கதை சொல்ல வேண்டியவர் மறைந்தார். கூலி வேலைக்குப் போன சிறுவனுக்குப் பள்ளியும் இல்லை.

1859இல் மகன் ஆபிரகாம் தம் வரலாற்றைச் சுருக்கமாக எழுதினார். பாட்டனார் வர்ஜீனியாவிலிருந்து வந்தவர், அவருக்கு முந்தியோர் பென்சில்வேனியாவினர் என்பதோடு அது நின்றுவிடுகிறது. நியூ இங்கிலாந்திலும் லிங்கன்கள் இருந்தார்கள். இரு குடும்பங்களிலும் மொர்தெகாய், சாலமன், ஈனாக், லேவி என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. இந்தப் பெயர் ஒற்றுமைக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை என்று அவர் எழுதினார்.

பெயர் ஒற்றுமை துப்புதான், சான்று ஆகாது. ஆயினும் ஆபிரகாம் என்ற பெயரைவிட மொர்தெகாய் என்பது அபூர்வமான பெயர். அதனால் அந்தத் துப்புக்கு மதிப்பு அதிகம் அல்லவா? பின்னர் உயில்களும் நிலப் பத்திரங்களும் வழியை அடைத்துக் காட்டின. பென்சில்வேனியாவில் இறந்த மொர்தெகாய் லிங்கன் தம் மகன் ஜானுக்கு நியூ ஜெர்சியில் 300 ஏக்கர் நிலம் எழுதிவைத்திருந்தார். வர்ஜீனியாவுக்குப் போன இந்த ஜான்தான் தாமஸின் பாட்டனார். மொர்தெகாயின் தந்தை பெயரும் மொர்தெகாய். அவருடைய தந்தை சாமுவேல், 1637இல் இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸ் வந்தவர். மகன் ஒதுக்கிவிட்ட துப்பே சரியானது!

சாமுவேல் ஐந்து தலைமுறை மேலே உள்ளவர். அந்தத் தலைமுறையில் தாமஸுக்கு 2×2×2×2×2 = 32 முன்னோர்கள் உண்டு. குடும்பப் பெயர் காட்டுவது ஒருவரை மட்டுமே.

தாமஸுக்கும் நான்சி ஹாங்க்ஸுக்கும் திருமணமே நடக்கவில்லை என்று ஓர் அவதூறும் உலவியது. ஹார்டின் மாவட்ட ஏடுகளில் பதிவு இல்லை என்பதே அதற்கு ஆதாரம். பதிவோ வாஷிங்டன் மாவட்டத்தில் பத்திரமாக இருந்தது: 1806 ஜூன் 12. ஓரிடத்தில் காணவில்லை என்பதால் எங்குமே இல்லை என்று ஆகுமா?

நான்சியின் தாய்வழியை ஆராய உயிரியல் உதவியது. மைட்டோகாண்டிரியாவின் டி.என்.ஏ. தாயிடமிருந்தே பிள்ளைகளுக்கு வருகிறது. மகன் அதைப் பெறுவான், தன் மக்களுக்குத் தரமாட்டான். நான்சியின் ஒரே மகள் சாரா 1828இல் பிரசவத்தில் இறந்தாள். ஆகவே ஆய்வாளர்கள் மேலே ஏறி, வேறு கிளைகளில் இறங்கினார்கள். நான்சியின் தாய் லூசியின் மற்றப் பெண்கள் வழி வந்தோரையும், லூசியின் தாய் எனக் கருதப்பட்ட ஆன் லீயின் மற்றப் பெண்கள் வழி வந்தோரையும் ஒப்பிட்டார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, இரு சாராரிடமும் இருந்தது எக்ஸ்1சி என்னும் ஒரே அரிய வகை.