தாத்தா தடவிப் பார்த்த சுவர்

குடும்பத்தையும் நினைவையும் ஆன்மிகத்தையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்த படம் எது என்று கேட்டால், நம் ரசிகர்களுக்கு வெளிநாட்டு இயக்குநர்களின் பெயர்கள்தான் முதலில் வாயில் வருகின்றன. 1988-இல் வந்த பாலு மகேந்திராவின் ‘வீடு’ அந்த வரிசையில் பேசப்படுவதில்லை. சிறந்த தமிழ்ப் படம், சிறந்த நடிகை என்று இரண்டு தேசிய விருதுகள் பெற்ற பிறகும், சிமென்ட் திருட்டு, லஞ்சம், கடன் என வீடு கட்டும் நடுத்தரக் குடும்பம் படும் பாட்டைச் சொல்லும் படம் என்றே அதற்கு முத்திரை. அதுவும் உண்மைதான், ஆனால் படம் அதோடு நின்றுவிடவில்லை.

பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கக் குடையோடு தனியாக வருகிறார் தாத்தா முருகேசன். பூச்சுப் பார்க்காத செங்கல் சுவரை மெல்லத் தடவுகிறார். தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதருக்கு அங்கே வசனமே இல்லை. பாட்டே இல்லாத படத்தில், இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பின் இசையும் பகல் வெளிச்சமும்தான் பேசுகின்றன. வீடு திரும்பும் வழியில் அவர் உயிர் பிரிகிறது. கோயிலோ விளக்கோ காட்டாமலே அந்தச் செங்கல்லுக்கு ஒரு சந்நிதியின் கனம் வந்துவிடுகிறது. மட்டக்களப்பில் சிறுவயதில், வீடு கட்டத் தொடங்கியதும் தன் அம்மா ஆளே மாறிப்போனதைக் கண்ட மகனின் படம் இது. அந்த நினைவைப் பாலு மகேந்திரா கதையில் சொல்லவில்லை. சுவர்மேல் விழும் வெயிலில் வைத்தார்.

அதனால்தான் ‘வீடு’ படத்தின் நெகடிவ் அழிந்துபோனது என்று பாலு மகேந்திராவே வருந்திச் சொன்னது சாதாரண இழப்பாகப் படவில்லை. அசிடேட் ஃபிலிமுக்கு வெப்பமும் ஈரமும் எமன். மக்க ஆரம்பித்தால் டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடிக்கும். குளிரூட்டிய கிடங்கு இல்லாமல், கடற்காற்று வீசும் ஊரில் ஃபிலிமைக் காப்பது லேசான காரியமில்லை. இணையத்தில்தான் கிடைக்கிறதே என்பார்கள். கதை தெரிந்தால் போதும் என்கிற படத்துக்கு அந்தப் பதில் பொருந்தும். வெளிச்சத்தையே மொழியாகக் கொண்ட படத்தில், மங்கிய பிரதியைப் பார்ப்பவர் சுவரைத்தான் பார்க்கிறார். தாத்தாவின் விரலுக்குப் பட்ட சொரசொரப்பு அவருக்கு எட்டுவதில்லை.

மயிலாப்பூர் காமதேனு, தி.நகர் நாகேஷ், அடையாறு ஈராஸ் என்று அரங்குகள் போனதற்குப் புலம்புகிறோம். அரங்கை நாளைக்கே கூடக் கட்டலாம். நெகடிவைத் திரும்ப எடுக்க முடியாது. பழைய படம் எல்லாவற்றையும் காக்கப் பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் விருது கொடுத்துத் தேர்ந்தெடுத்த படங்களின் எண்ணிக்கை அப்படியொன்றும் மலைக்கவைப்பதல்ல. விருதோடு சேர்த்து ஒரு நல்ல பிரதியைப் புனேயில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்துக்கு அனுப்புவதும், திரைப்படச் சங்கங்களிடம் எஞ்சியிருக்கும் பிரிண்ட்களைத் தேடி ஸ்கேன் செய்வதும் நடக்கக்கூடிய வேலைகள். அவற்றைச் செய்யாமல் பாராட்டு விழா மட்டும் நடத்தினால், அடுத்த தலைமுறை நம் விமர்சனங்களைப் படிக்கும். பார்க்கப் படம் இருக்காது.