1950 ஆகஸ்டில் தாத்தா எங்கே இருந்தார்? மும்பைத் தமிழர்களின் முன்னோரைத் தேடும் ஆவணப் பயணம்

மும்பை: 1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி உங்கள் தாத்தா எந்த ஊரில் குடியிருந்தார்? தாராவியிலோ செம்பூரிலோ பிறந்து வளர்ந்த பட்டியலினத் தமிழ் மாணவர் ஒருவர் மகாராஷ்டிர அரசிடம் சாதிச் சான்றிதழ் கோரினால், அவர் ஆவணத்துடன் விடை சொல்ல வேண்டிய கேள்வி இது. பட்டியல் சாதிகளை மாநிலவாரியாக அறிவிக்கும் குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாள் அது. அந்த நாளில் விண்ணப்பதாரரின் தந்தையோ, பாட்டனோ, முப்பாட்டனோ மகாராஷ்டிரத்தில் வசித்தார் என்பதை நிறுவ வேண்டும். அவரது சாதியின் பெயரும் இம்மாநிலத்தின் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும். பழங்குடியினருக்கு 1950 செப்டம்பர் 6, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 1967 அக்டோபர் 13 என வெவ்வேறு தேதிகள் வரையறுக்கப்பட்டுள்ளன.

ஒரு மாநிலத்தில் பட்டியலினத்தவராகவோ பழங்குடியினராகவோ அறிவிக்கப்பட்டவர் வேறு மாநிலத்தில் குடியேறினால் அந்த உரிமை அவருடன் தானாக வருவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கும் மும்பை சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியின் சேர்க்கையை ஒட்டி எழுந்ததுதான். 2018 ஆகஸ்ட் 30 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வும் இதே நிலைப்பாட்டை உறுதி செய்தது. 1950க்குப் பின் வந்த குடும்பங்களுக்கு, தந்தையின் பூர்வீக மாநிலச் சான்றின் அடிப்படையில் குடியேறிய மாநிலமும் சான்று வழங்கலாம் என்கிறது மத்திய அரசின் வழிகாட்டுதல். ஆனால், குடியேறிய மாநிலத்தின் ஒதுக்கீட்டுக்கு அது உதவாது. எப்படிப் பார்த்தாலும், மறைந்துபோன ஒரு முன்னோரின் தாள் ஒன்று கைக்கு வந்தாக வேண்டும்.

தாராவிவாசிகளுக்கு இன்னொரு தேதியும் உண்டு. மறுமேம்பாட்டுத் திட்டத்தின்படி, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே உள்ள தரைத்தளக் குடியிருப்புகளுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிந்தையவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, பணம் செலுத்திப் பெறும் வீடு. குடிசையின் பழைய தாள்கள் பெரும்பாலும் தாத்தாவின் பெயரில் இருக்கின்றன. அவருக்கும் இன்று அங்கே வசிக்கும் பேரனுக்கும் உள்ள உறவைக் காகிதத்தில் காட்டுவது பேரனின் பொறுப்பு.

கப்பலில் போனவருக்கு எண் உண்டு

கடல் கடந்து கூலிகளாகப் போன தமிழர்களின் கொள்ளுப்பேரர்களுக்கு இந்தத் தேடல் பல வேளைகளில் எளிதாக இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் சுமார் 1,52,000 பேர். அவர்களின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு ஆகியவை கப்பல் பட்டியல்களில் எழுதப்பட்டன. மொரீஷியசின் மகாத்மா காந்தி நிறுவனம் பாதுகாக்கும் குடியேற்ற ஆவணங்களில் பலரது புகைப்படங்களும் உள்ளன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருந்தது. தோட்ட முதலாளிக்குக் கணக்கு வேண்டியிருந்ததால் எழுதப்பட்டது. இன்று கொள்ளுப்பேரர்களுக்குப் பயன்படுகிறது.

ரயிலில் மும்பைக்கு வந்தவரை யாரும் எழுதவில்லை. 1871இல் சென்னை, மும்பை இருப்புப்பாதைகள் ராய்ச்சூரில் இணைந்தன. 1876இல் திருநெல்வேலிக்கும் ரயில் வந்தது. அதே ஆண்டில் தொடங்கி 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் தென் மாவட்டங்களையும் வாட்டியது. பஞ்சத்திலும் அதற்குப் பின்னரும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிடர், முஸ்லிம், நாடார் குடும்பங்கள் மும்பைக்கு வரத் தொடங்கின. மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய தாராவியில் தோல் பதனிடும் தொட்டிகள் அவர்களுக்கு வேலை கொடுத்தன. இங்குள்ள பெரிய மசூதியின் தொடக்கம் 1887 என்றும், பிள்ளையார் கோயிலின் தொடக்கம் 1913 என்றும் குறிக்கப்படுகின்றன. உள்நாட்டுப் பயணத்துக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை; ஆகவே பெயர்ப்பட்டியலும் இல்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உதவாதா என்று கேட்கலாம். அமெரிக்காவில் கணக்கெடுப்பின் தனிநபர் தாள்கள் 72 ஆண்டுகள் கழித்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. 1950ஆம் ஆண்டின் தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்று இணையத்தில் வெளியாயின. யாரும் தம் பாட்டனாரின் தெருவையும் தொழிலையும் அதில் தேடலாம். அங்கும் எல்லாருக்கும் அந்த வாய்ப்பு சமமாக இல்லை. அடிமைகளாக இருந்த கறுப்பினத்தவரை 1850, 1860 கணக்கெடுப்புகள் பெயரில்லாமல் வயது, பால், நிறம் என்று மட்டுமே குறித்தன. பெரும்பாலோரின் பெயர் முதன்முதலாக இடம்பெற்றது 1870இல்தான் என்பதால், அவர்களின் வம்சாவளித் தேடல் அந்த ஆண்டில் சுவரில் முட்டி நிற்பதுண்டு. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி கணக்கெடுப்பின் தனிநபர் பதிவுகளை யாரும் பார்வையிட முடியாது. அவற்றைச் சாட்சியமாகக் காட்டுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. எனவே 1951 கணக்கெடுப்பு, 1950ஐ நிரூபிக்க வேண்டிய தாராவிக் குடும்பத்துக்குப் பயன்படாது.

இரண்டு தலைமுறைப் பெயரும் ஒரே தாளில்

அப்படியானால் எங்கே தேடுவது? அனுபவமுள்ளவர்கள் சொல்லும் முறை, தன்னிடமிருந்து பின்னோக்கிப் போவது. தாத்தாவின் பெயர் மட்டும் உள்ள தாள் எவ்வளவு பழையதானாலும் அது பாதி ஆவணமே. தந்தை பெயரும் மகன் பெயரும் சேர்ந்து வரும் தாள்தான் தலைமுறைகளை இணைக்கிறது. பிறப்புப் பதிவேடு, பள்ளிப் பொதுப் பதிவேடு, வாக்காளர் பட்டியல் ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை.

மும்பையில் பிறப்பு, இறப்புப் பதிவுகள் மாநகராட்சியின் வார்டு வாரியாக உள்ளன. தாராவிக்கு ஜி-வடக்கு, மாட்டுங்காவுக்கு எஃப்-வடக்கு, செம்பூருக்கு எம்-மேற்கு, ட்ராம்பே பகுதிக்கு எம்-கிழக்கு. பழைய பிறப்புப் பதிவுகளில் குழந்தையின் பெயரே இல்லாமல் 'ஆண்', 'பெண்' என்று மட்டும் இருப்பது வழக்கம். எனவே தேதியையும் தந்தை பெயரையும் கொண்டே தேட வேண்டும்.

இங்கேதான் நம் வழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவாள். தந்தை தாராவித் தோல் தொட்டியில் வேலை பார்த்துக்கொண்டிருக்க, மூத்த பிள்ளையின் பிறப்பு நாங்குநேரியிலோ ஸ்ரீவைகுண்டத்திலோ பதிவாகியிருக்கும். அந்த ஒற்றைத் தாளைப் பார்க்கும் அதிகாரி, குடும்பம் அப்போது மும்பையில் இல்லை என்று முடிவு கட்டக்கூடும். மூத்தவரின் சான்றோடு நிற்காமல், மும்பையிலேயே பிறந்த இளையவர்களின் பதிவையும் தேடுவது அதனால் அவசியமாகிறது.

பள்ளிப் பதிவேடு இதைவிட வலுவானது. மாநகராட்சி நடத்திய தமிழ்வழிப் பள்ளிகளின் பொதுப் பதிவேட்டில் மாணவர் பெயர், தந்தை பெயர், பிறந்த இடம், சாதி, முன்பு படித்த பள்ளி ஆகியவை ஒரே வரியில் கிடைக்கும். நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்திய தாத்தாவுக்கும் அந்த வரி இருக்கும். பள்ளி மூடப்பட்டிருந்தாலோ வேறு பள்ளியுடன் இணைக்கப்பட்டிருந்தாலோ, பதிவேடு எங்கே மாற்றப்பட்டது என்று மாநகராட்சிக் கல்வித் துறையிடம் எழுத்துமூலம் கேட்கலாம்.

வாக்காளர் பட்டியலில் பாட்டியைத் தேடுவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 1951-52ஆம் ஆண்டின் முதல் பொதுத் தேர்தலுக்காகப் பட்டியல் தயாரித்தபோது, தம் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்று மட்டும் சொன்ன ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நாடு முழுவதும் நீக்கப்பட்டன. அவர்கள் பெரும்பாலும் வட மாநிலங்களைச் சேர்ந்தவர்கள் என்றாலும், பட்டியலில் இல்லாததைக் கொண்டு அந்த ஊரிலேயே இல்லை என்று முடிவுக்கு வரக்கூடாது.

மாட்டுங்காவின் கதை வேறு. 1896இல் பிளேக் நோய் பரவிய பின் மும்பை நகர மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த குடியிருப்புப் பகுதி அது. அங்கே குடியேறிய தமிழ்க் குமாஸ்தாக்களும் ரயில்வே ஊழியர்களும் படித்தவர்கள். பள்ளியிறுதிச் சான்று, பணிப் பதிவேடு, ஊரில் நிலப்பத்திரம், திருமண அழைப்பிதழ் என்று அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் தாள்களுக்குக் குறைவில்லை. ஒரே ரயிலில் வந்து இறங்கியவர்களுக்குள், ஆவணம் மிக அவசியமாகத் தேவைப்படுபவரிடமே அது மிகக் குறைவாக இருக்கிறது.

செம்பூரை அடுத்த சீத்தா கேம்ப் குடும்பங்களுக்கு நேர்ந்தது இன்னும் கடினமானது. ட்ராம்பேயின் ஜனதா காலனியில் வாழ்ந்த சுமார் 70,000 பேர், அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக 1976 மே மாதம் அங்கிருந்து அகற்றப்பட்டனர். தமிழர்கள் பெருமளவில் இருந்த குடியிருப்பு அது. வீடு இடிக்கப்படும்போது தகரப் பெட்டியில் இருந்த காகிதத்தை நினைப்பவர் யார்? அதை எதிர்த்துப் போராடியவர்களில் முதன்மையானவர், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம். 2018இல் மறைந்த அவர் உருவாக்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு, குடிசைவாசிகள் தம்மைத் தாமே கணக்கெடுத்துக்கொள்ளும் முறையைப் பரப்பியது. அதே 1976இல் மாநில அரசும் குடிசைகளைக் கணக்கெடுத்து, குடும்பத் தலைவரின் படத்துடன் 'போட்டோ பாஸ்' வழங்கியது. மும்பையின் பல குடும்பங்களுக்குத் தாத்தாவின் ஒரே புகைப்படமும் அதில் இருப்பதுதான்.

ஊர்ப் பக்கம் தேடும்போது

மும்பையில் வழி அடைபட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். பழைய தாளில் 'திருநெல்வேலி ஜில்லா' என்று இருந்தாலும், அந்தக் கிராமம் இன்று வேறு மாவட்டத்தில் இருக்கலாம். 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் அதிலிருந்து பிரிந்தன. கிராமக் கணக்குகளையும் பிறப்பு, இறப்பு ஏடுகளையும் எழுதிவந்த கணக்குப்பிள்ளை, கிராம முன்சீப் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டன. அந்த ஏடுகளைப் பற்றி இன்று தாலுகா அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். தேடிக் கிடைக்காவிட்டால், பதிவு இல்லை என்பதற்கான சான்றை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. அடுத்த அலுவலகம் அதைக் கேட்கும்.

நிலம் இருந்தவர்களுக்குப் பட்டா, கிரயப் பத்திரம் உண்டு. தென் மாவட்டப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு காணப்படும். அதனுடன் 824 அல்லது 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1100 என்பது 1924-25. அறுபதாண்டுச் சுழற்சியின் பெயர் மட்டும் இருந்தால், அது எந்தச் சுற்று என்பதை வேறு குறிப்புகளால் தீர்மானிக்க வேண்டும். 1950 ஆகஸ்ட் 10 விக்ருதி ஆண்டு ஆடி மாதத்தில் வருகிறது. "விக்ருதி வருஷம் ஆடிக்கு முன்னாலேயே பம்பாய் போய்விட்டார்" என்று ஒரு பாட்டி சொன்னால் அது அலட்சியப்படுத்தக் கூடிய தகவலல்ல.

நிலமில்லாத குடும்பங்களுக்குத் திருநெல்வேலிப் பகுதியில் கிடைக்கும் சிறந்த சான்று, தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள். பஞ்ச காலத்தில் கூட்டம் கூட்டமாக மதம் மாறியவர்களின் பெயர், பெற்றோர் பெயர், ஊர் ஆகியவை அவற்றில் உள்ளன. ஆனால் 1950 ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். முன்னோரின் பெயரை உறுதிப்படுத்தும் அதே தாள், பேரனின் கோரிக்கைக்கு எதிராகவும் வைக்கப்படலாம். வம்சத்தை அறியத் தேடுபவருக்கும் உரிமையைக் கேட்டுத் தேடுபவருக்கும் வழிகள் பிரிவது இந்த இடத்தில்தான். எதற்காகத் தேடுகிறோம் என்பதை முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொண்டு, தேவைப்பட்டால் வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெறுவது நன்று.

பெயர்களும் தொல்லை தரும். தமிழில் 'சுப்பையா' ஒன்றே. ஆங்கிலத்திலும் தேவநாகரியிலும் எழுதும்போது அது நான்கு விதமாகும். தமிழ்நாட்டில் முன்னெழுத்தாக இருந்த தந்தை பெயர், மும்பையில் நடுப்பெயராகி, சாதிப் பெயரோ ஊர்ப்பெயரோ குடும்பப்பெயராக ஒட்டிக்கொள்ளும். ஒரே அண்ணன் தம்பிகள் மூன்று குடும்பப்பெயர்களோடு இருப்பதும் உண்டு. இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் அளிப்பது நடைமுறை. அதோடு எல்லா எழுத்து வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேடினால், கண்ணில் படாமல் போன பதிவுகள் அகப்படும்.

அரசு ஆவணமல்லாத ஏடு ஒன்றும் உண்டு. தென் மாவட்டங்களில் குலதெய்வக் கோயில் கொடை விழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பார்கள். குடும்பத் தலைவர் ஒவ்வொருவரின் பெயரும் அந்த நோட்டில் ஏறும். மகனுக்குத் திருமணமானால் அவன் தனித் தலைக்கட்டாவான். ஊரைவிட்டுப் போனவர்களின் வரியும் தவறாமல் வந்து சேரும்; பெயருக்கு எதிரே 'பம்பாய்' என்று எழுதியிருப்பார்கள். அலுவலகத்தில் அதை ஆவணமாக ஏற்காமல் போகலாம். ஆனால் தாத்தா எந்த ஆண்டில் ஊரை விட்டார், தம்பி எப்போது பின்தொடர்ந்தார், எந்தப் பெயரில் தேட வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுக்கும். அந்த நோட்டுகள் பெரும்பாலும் கோயில் நிர்வாகியின் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அடுத்த கொடைக்கு ஊருக்குப் போகிறவர்கள், பழைய நோட்டைக் கேட்டு வாங்கிப் பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் எடுத்து வரலாம்.