காலைக் குளிரில் கார் உதறுகிறதா? மெக்கானிக்கிடம் போகும் முன் 2 நிமிட வீடியோ எடுங்கள்

ஜனவரி மாதம். வீக் எண்டுக்காகச் சென்னையிலிருந்து ஊட்டி போயிருக்கிறீர்கள். காலை 6 மணிக்குக் கண்ணாடியெல்லாம் பனி. சாவியைத் திருப்பினால் கார் முக்கி முனகி, கடைசியில் ஒருவழியாக ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் வண்டி மொத்தமும் உதறுகிறது. இரண்டு நிமிடம் கழித்து, எதுவுமே நடக்காதது போல அமைதியாகிவிடுகிறது.

ஊருக்குத் திரும்பியதும் ஒர்க்‌ஷாப்பில் விட்டால், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு" என்பார்கள். இல்லையென்றால், "எதுக்கும் பேட்டரிய மாத்திடலாம்" என்று சில ஆயிரங்களுக்கு பில் போடுவார்கள். அடுத்த குளிரில் அதே உதறல் திரும்ப வரும்.

இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. குளிர்ந்த இன்ஜினில் மட்டும் தலைகாட்டும் கோளாறு, நீங்கள் ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகி மறைந்துவிடும். அதை நேரில் பார்த்த ஒரே சாட்சி நீங்கள்தான்.

குளிரில் அப்படி என்ன நடக்கிறது?

மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒன்று, பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிறது. 0 டிகிரியை நெருங்கும்போது சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி தன் பலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். இரண்டு, இன்ஜின் ஆயில் கெட்டியாவதால் இன்ஜினைச் சுழற்றக் கூடுதல் பலம் தேவைப்படுகிறது. மூன்று, பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை.

இதைச் சமாளிக்க, காரின் கம்ப்யூட்டரான ஈசியூ கொஞ்சம் அதிகமாக பெட்ரோலை விட்டு, இன்ஜின் வேகத்தையும் கூட்டுகிறது. அதனால் ஸ்டார்ட் ஆனதும் ஆர்பிஎம் 1,200க்கு மேல் போய், பிறகு மெல்ல 800 பக்கம் இறங்கினால் பயப்பட வேண்டாம், அது இயல்புதான். உதறலும் திணறலும்தான் கோளாறு.

ஒரு விஷயம்: குளிர் புதிதாக எதையும் கெடுப்பதில்லை. பேட்டரியைத் தேய்ப்பது சமவெளி வெயில். அது தேய்ந்திருப்பதைக் காட்டிக்கொடுப்பதுதான் மலைக்குளிர்.

அறிகுறியை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

'செல்ஃப்' மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது 'டக் டக்' என்று மட்டும் கேட்கிறது: பேட்டரி, அதன் டெர்மினல்கள், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். இரவு முழுக்க நின்ற காரில் மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இல்லையென்றால் பிரச்சினை ஆல்டர்னேட்டரில் இருக்கலாம். பேட்டரியை மாற்றும் முன், டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருப்பதைச் சுத்தம் செய்து இறுக்கிப் பாருங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்க நேரமாகிறது: இரவில் பெட்ரோல் லைனில் அழுத்தம் இறங்கியிருக்கலாம். சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பி, சில விநாடி விட்டு ஆஃப் செய்யுங்கள். இதை இரண்டு முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் பெட்ரோல் பம்ப் அல்லது இன்ஜெக்டர் பக்கம் பார்க்கச் சொல்லலாம்.

உடனே ஸ்டார்ட் ஆகிறது, பிறகு உதறுகிறது: பெரும்பாலும் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், கரி படிந்த திராட்டில் பாடி, அல்லது எங்கோ காற்றை இழுக்கும் விரிசல் விட்ட ஹோஸ். சாதாரண பிளக் என்றால் 30,000 கி.மீ.க்குள் மாற்றியிருக்க வேண்டும். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று சர்வீஸ் பில்லைப் பாருங்கள்.

டீசல் கார் என்றால்: டாஷ்போர்டில் சுருள் போன்ற விளக்கு அணையும்வரை பொறுத்து ஸ்டார்ட் செய்கிறீர்களா? பொறுத்தும் உதறி, வெள்ளைப் புகை வந்தால், 'ஹீட்டர் பிளக்' எனப்படும் குளோ பிளக் ஒன்றிரண்டு போயிருக்கலாம்.

மொபைலிலேயே பார்க்க முடியுமா?

முடியும். சமீப ஆண்டுகளில் வந்த கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி போர்ட் இருக்கும். அதில் ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகினால் கோளாறு கோடு மொபைலில் தெரியும். பி0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை, பி0303 என்றால் மூன்றாவது. பி0301 வந்தால் முதல் சிலிண்டரின் காயிலை மூன்றாவதோடு மாற்றிப் போடச் சொல்லுங்கள். கோடும் பி0303 ஆக மாறினால் குற்றவாளி அந்த காயில்தான். மாறவில்லை என்றால் அடுத்து பிளக்கைப் பார்க்கலாம்.

இன்னொரு சோதனை: இரவு முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள். வெளியே 8 டிகிரி இருக்கும்போது ஆப் 50 காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. இன்ஜின் சூடாக இருப்பதாக நம்பி, ஈசியூ பெட்ரோலைக் குறைத்து விடும். அதனால்தான் உதறல்.

எதைச் செய்யக் கூடாது?

* செல்ஃபைத் தொடர்ந்து 10 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். அரை நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். ஏசி, ஹெட்லைட் ஆஃப், மேனுவல் கார் என்றால் கிளட்ச்சை மிதியுங்கள்.
* ஸ்டார்ட் ஆன கையோடு ஆக்சிலேட்டரை முறுக்காதீர்கள். கெட்டியான ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.
* மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உயிரையே எடுத்துவிடும்.
* 'செக் இன்ஜின்' விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மலைப்பாதையில் இறங்க வேண்டாம். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கும், அதை மாற்றும் செலவு மிக அதிகம்.
* கூலன்ட் அளவு தொடர்ந்து குறைந்து, வெள்ளைப் புகையும் நிற்காமல் வந்தால் ஓட்டாதீர்கள். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

முதல் ஸ்டார்ட்டை அப்படியே வீடியோ எடுங்கள். டாஷ்போர்டு, ஆர்பிஎம் முள், சத்தம் மூன்றும் அதில் பதிவாகட்டும். பிறகு வெளியே வந்து புகையின் நிறத்தையும் எடுங்கள். எத்தனை நிமிடத்தில் உதறல் நின்றது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதோடு, காரை முந்தைய நாள் மாலையே ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, "காலைல முதல் ஸ்டார்ட்ட நீங்களே பண்ணிப் பாருங்கண்ணே" என்று கேளுங்கள். குறைந்த செலவில் முடியும் வேலையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்: டெர்மினல், பிளக், திராட்டில் பாடி சுத்தம். அதன் பிறகும் உதறினால் சென்சார், காயில், இன்ஜெக்டர். எதை மாற்றினாலும் பழைய பொருளைக் கையில் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஏன் மாற்றினார்கள் என்று அதைக் காட்டியே அவர்களால் சொல்ல முடிய வேண்டும்.