குடிபெயர்ந்த வீடுகள்

மனிதர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊர் மாறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீடுகளே ஊரைக் காலி செய்துகொண்டு போனதைப் பார்த்ததுண்டா? பார்க்க ஆசையிருந்தால் சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இறங்குங்கள். செவ்வாய்க்கிழமை மாத்திரம் வேண்டாம், அன்று விடுமுறை.

அங்கே பத்து ஏக்கர் நிலத்தில் இருக்கிறது 'தட்சிணசித்ரா'. தென்னாட்டுப் பழைய வீடுகள் பதினெட்டு அங்கே கூடியிருக்கின்றன. அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டு மருமகளாக வந்த டெபோரா தியாகராஜன் அம்மையாரின் முயற்சியால், 1984-இல் தொடங்கிய சென்னைக் கைவினை அறக்கட்டளை 1996 டிசம்பரில் இதைத் திறந்தது. லாரி பேக்கர் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் திட்டம் வகுத்துக் கொடுத்தார்.

இடிபடவிருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, தூண், உத்தரம், கதவு என்று பகுதி பகுதியாகப் பிரித்து, லாரியில் ஏற்றி வந்து, ஸ்தபதிகளையும் தச்சர்களையும் கொண்டே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். மண் சுவரை லாரியில் ஏற்ற முடியாதல்லவா? அத்தகைய வீடுகளைப் பழைய முறைப்படி புதிதாகவே கட்டிவிட்டார்கள்.

"பாளையம்பட்டியிலிருந்து இவ்வளவு தூரம் வந்து வீட்டையா பார்ப்பது?" என்று கேட்பீர்கள். உள்ளே போய்ப் பாருங்கள், ஒவ்வொரு வீடும் அதன் ஊர் மழையையும் காற்றையும் பற்றிப் பேசும். கேரள வீட்டுக்குச் சரிந்த கூரை. அடைமழை வழிந்தோட வேண்டுமே! புதுப்பள்ளியிலிருந்து வந்த வீட்டில் நெல் அறைதான் நடுநாயகம். விசாகப்பட்டினத்துப் பக்கத்து வீடு வட்ட வடிவம். கூரையோ தரையைத் தொடுகிறாற்போல் தாழ்ந்திருக்கிறது. புயல் வந்தால் மோதுவதற்கு மூலையே கிடையாது. மழை குறைந்த வட கர்நாடகத்து இல்கல் வீட்டுக்குக் கல் சுவர், மண் பரப்பிய தட்டை மச்சு. காஞ்சிபுரத்து நெசவாளி வீட்டில் தறியைப் பார்க்கும்போது அருப்புக்கோட்டைக்காரருக்குத் தம் தெரு ஞாபகம் வராமல் போகாது.

இந்த யோசனை ஸ்வீடன் தேசத்தில் முன்பே முளைத்திருந்தது. ஸ்டாக்ஹோம் நகரில் 1891-இல் ஹஸேலியஸ் என்பவர் 'ஸ்கான்சென்' என்ற வீட்டுக் காட்சிச்சாலையைத் திறந்தார். ஜப்பானியர் 1956-இல் ஒஸாகாவை அடுத்த டொயோனாகா நகரில் பழைய குடியானவர் வீடுகளைச் சேர்த்து ஒரு பூங்காவில் வைத்தார்கள். அங்கே ஷிரகாவா மலைநாட்டு வீடு ஒன்றும் இருக்கிறது. அதன் புல் கூரை கும்பிட்ட கைகளைப் போல் செங்குத்தாக நிற்கும். பனி தங்காமல் சரிந்துவிட வேண்டுமென்றுதான் அப்படி.

இப்போது நம் கரிசல் சீமைக்கு வருவோம். திருச்சுழியில் ரமண மகரிஷி 1879-இல் பிறந்த வீட்டை இன்றும் பாதுகாக்கிறார்கள். விருதுநகரில் காமராஜர் வீடு நினைவில்லமாக இருக்கிறது. பெரியோர் வீடு பிழைத்தது, சந்தோஷம். கம்பும் சோளமும் விதைத்தவன் வீடு?

அந்த வீட்டிலும் எத்தனை சாமர்த்தியம்! மழையில் உப்பி, கோடையில் பிளந்துகொள்ளும் கரிசல் மண்ணின் மேல் சுவர் எழுப்பி நிற்க வைப்பது லேசான காரியமா? வெயில் இறங்காமல் தடுக்கும் கனத்த மண் சுவர். கறையான் எளிதில் அண்டாத, வைரம் பாய்ந்த பனங்கட்டைச் சட்டம். மேலே பனையோலை அல்லது நாட்டு ஓடு. உள்ளே தானியம் காக்கும் குலுக்கை. விளக்கு வைக்க மாடக்குழி. வழிப்போக்கன் தலை சாய்க்கத் திண்ணை. வசதியுள்ளவர்கள் சுண்ணாம்பில் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்துக் காரை வீடு கட்டினார்கள்.

சிமெண்ட் வீட்டில் குடியிருக்க யாரும் ஆசைப்படுவது நியாயமே. ஓலைக் கூரையை மாற்றி மாற்றி வேய்வதும், ஒழுகும் வீட்டில் பாத்திரம் வைப்பதும் பட்டவர்களுக்கல்லவா தெரியும்! பழைய வீட்டிலேயே இருங்கள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் வீட்டை இடித்த அன்று பனஞ்சட்டம் விறகாகிறது. அதைச் செதுக்கிய கைப்பக்குவமும் அதோடு புகைந்து போகிறது. சுவருக்கு மண் குழைத்த கொத்தனார் கண்ணை மூடினால், அந்தப் பக்குவத்தை எந்த லாரியில் ஏற்றி எங்கே கொண்டு போவது?

அடுத்த விடுமுறையில் குழந்தைகளோடு முட்டுக்காட்டுக்குப் போய் வாருங்கள். திரும்பியதும் ஓர் அளவு நாடாவும் நோட்டுப் புத்தகமுமாகப் பாட்டி வீட்டுக்குள் நுழையுங்கள். திண்ணை எத்தனை அடி? சட்டம் எத்தனை? எல்லாவற்றையும் அளந்து, படம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அவர்கள் வழங்கும் பெயரை எழுதச் சொல்லுங்கள். குலுக்கைக்கு எந்தக் கண்மாயில் மண் எடுத்தீர்கள் என்று பாட்டியையே கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கினால் ஒரு நோட்டுப் போதாது. இரண்டாக வாங்கிக்கொண்டு போங்கள்!