சுண்ணாம்புச் சருகும் மண்புழுவும்

மேப்பிள் மரத்தடியில் மண் வளமாக இருக்கிறது. ஸ்புரூஸ் மரத்தடியில் புளித்துக் கிடக்கிறது. நல்ல மண் பார்த்து மேப்பிள் முளைத்ததா, மேப்பிள் வளர்ந்ததால் மண் தேறியதா? இயற்கைக் காட்டில் எவ்வளவு அலைந்தாலும் இந்த வழக்கு தீராது.

போலந்தின் சியெமியானிட்சே சோதனைக் காட்டில் தீர்ந்தது. அங்கே 1970, 71ஆம் ஆண்டுகளில் ஒரே மாதிரியான நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, பாத்திக்கு ஒரே இனமாக, மொத்தம் 14 இன மரங்களை நட்டார்கள். பைன், லார்ச், ஓக், பீச், லிண்டன் எல்லாம் அதில் உண்டு. சுமார் முப்பது ஆண்டு கழித்து மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் பீட்டர் ரைக்கும் சக ஆய்வாளர்களும் மண்ணைச் சோதித்தபோது, பாத்திக்குப் பாத்தி மண்ணின் குணமே மாறியிருந்தது. 2005இல் முடிவு வெளியானது.

மண்வளம் என்றதும் நமக்குத் தழைச்சத்துதான் நினைவுக்கு வரும். இங்கே துப்புக் கொடுத்ததோ சருகிலுள்ள சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம். மேப்பிள், லிண்டன் சருகுகளில் அது தாராளம். அப்படிப்பட்ட மரங்களின் அடியில் மண்புழுக்கள் அதிகம், அமிலத்தன்மை குறைவு, சருகும் சீக்கிரம் மக்கிவிடுகிறது.

சுண்ணாம்புக்கும் புழுவுக்கும் என்ன உறவு? மண்புழுவின் உணவுக்குழாயை ஒட்டிச் சுண்ணாம்பு சுரக்கும் சுரப்பிகளே இருக்கின்றன. கால்சியம் அதற்கு அவ்வளவு தேவை. ஐரோப்பாவின் பெரிய மண்புழு, இரவில் வளையிலிருந்து பாதி உடலை மட்டும் நீட்டித் துழாவும். சருகு தட்டுப்பட்டால் நுனியைக் கவ்வி உள்ளே இழுத்துக்கொள்ளும். தின்றது எச்சமாகி மண்ணில் சேர, இலையின் கால்சியமும் மண்ணுக்குப் போகிறது. புளிப்பு குறையக் குறைய இன்னும் புழுக்கள் பெருகும்.

ஸ்புரூஸ் அடியில் இந்தச் சுழற்சி நடப்பதில்லை. உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தைபோல் படிந்துகிடக்கும். பூஞ்சைகள் மெதுவாகச் சிதைக்கும்வரை சத்தெல்லாம் அதற்குள்ளேயே முடங்கும். ஊசியிலை என்பதற்காக அதை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. பீச்சுக்கு அகன்ற இலைதான். ஆனாலும் அதன் சருகு லேசில் மக்காது.

மண்புழு உழவனின் நண்பன் என்று பள்ளியில் படித்திருப்போம். அதை எல்லாக் காட்டுக்கும் பொருத்திவிடக் கூடாது. பனியுகத்தில் பனிப்பாளம் மூடிக்கிடந்த வட அமெரிக்கப் பகுதிகளில் நாட்டு மண்புழுவே கிடையாது. அங்குள்ள காடுகள் தடித்த சருகுப் படுகையை நம்பி வளர்ந்தவை. குடியேறியவர்களோடு வந்த ஐரோப்பியப் புழுக்கள் அந்தப் படுகையைத் தின்று தீர்ப்பதால் காட்டுப் பூச்செடிகளும் மேப்பிள் கன்றுகளும் தவிக்கின்றன. தூண்டிலுக்கு வாங்கி மிஞ்சிய புழுவைக் காட்டோரம் கொட்டாதீர்கள், குப்பைத்தொட்டியில் போடுங்கள் என்று மின்னசோட்டாவில் மீன்பிடிப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள்.