வீடு மாறும் ‘விர்ச்சுவல் மெஷின்’கள்: பழைய சர்வரை எப்போது அணைக்கலாம்?

‘பராமரிப்புப் பணிகள் காரணமாக சனிக்கிழமை இரவு 11 மணி முதல் ஞாயிறு காலை 6 மணி வரை சேவை கிடைக்காது.’ வங்கி, கல்லூரி, அலுவலகம் என ஏதோ ஓர் ஆப்பில் இப்படியொரு அறிவிப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த 7 மணி நேரத்தில் உள்ளே என்னதான் நடக்கிறது? பல நேரங்களில் அங்கே நடப்பது ஒரு வீடு மாற்றம். பழைய சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்த ‘விர்ச்சுவல் மெஷின்’களைப் புதிய சர்வருக்குக் கொண்டுபோய்க் கொண்டிருப்பார்கள்.

‘ஃபைலை காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணா முடிஞ்சுது, இதுக்கு ஒரு ராத்திரியா?’ என்று தோன்றலாம். காப்பி செய்வது உண்மையிலேயே சுலபம்தான். சிக்கலெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான் இருக்கிறது.

விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன?

ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்ட சின்ன கம்ப்யூட்டர்தான் விர்ச்சுவல் மெஷின். சுருக்கமாக ‘விஎம்’. ஒவ்வொரு விஎம்முக்கும் தனி ஆபரேட்டிங் சிஸ்டம், தனி ரேம், தனி டிஸ்க், தனி ஐபி முகவரி உண்டு. பக்கத்து விஎம்மில் விண்டோஸ் ஓடினாலும் லினக்ஸ் ஓடினாலும் இதற்குக் கவலையில்லை. இவை அத்தனையையும் தாங்கி நிற்கும் நிஜ இயந்திரத்தின் பெயர் ‘ஹோஸ்ட்’. அதன் ப்ராசஸரையும் ரேமையும் பங்கு பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் ‘ஹைப்பர்வைசர்’. விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ, மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி, லினக்ஸ் கெர்னலில் 2007இல் சேர்ந்த கேவிஎம் ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன.

யோசனை பழசுதான். ஐபிஎம் தன் பெரிய கணினிகளுக்காக விஎம்/370 என்ற அமைப்பை 1972இலேயே அறிவித்துவிட்டது. சாதாரண இன்டெல் வகைக் கணினிகளுக்கு இதைப் பரவலாகக் கொண்டுவந்தது 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர்.

ஏன் இப்போது எல்லோரும் மாறுகிறார்கள்?

ஒரு காரணம் வயது. ஹோஸ்ட்டும் இயந்திரம்தானே? வாரண்டி முடியும், டிஸ்க் தேயும். ஹைப்பர்வைசரின் புதிய பதிப்பு பழைய ப்ராசஸரில் ஓடாமலும் போகலாம்.

இன்னொரு காரணம் பணம். 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் நிறுவனம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டு, சந்தா முறை மட்டுமே என்றானது. பல நிறுவனங்கள் இன்னும் பயன்படுத்திவந்த விஸ்ஃபியர் 7 பதிப்புக்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 2ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. சந்தா கட்டிப் புதிய பதிப்புக்குப் போவதா, கேவிஎம்மை அடிப்படையாகக் கொண்ட ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற ஓப்பன் சோர்ஸ் மாற்றுக்குப் போவதா என்ற கேள்வி பல ஐடி குழுக்களின் முன் நிற்கிறது. எந்தப் பக்கம் போனாலும் விஎம்களை இடம் மாற்றியே ஆக வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற முடியுமா?

முடியும். இதற்குப் பெயர் ‘லைவ் மைக்ரேஷன்’. விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ரேமில் இருப்பதையெல்லாம் புதிய ஹோஸ்ட்டுக்கு அனுப்புவார்கள். அனுப்பும் நேரத்துக்குள் ரேமின் சில பகுதிகள் மாறியிருக்கும். அடுத்த சுற்றில் மாறிய பகுதிகள் மட்டும் போகும். இப்படிச் சுற்றுக்குச் சுற்று மிச்சம் குறையும். கடைசியில் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் விஎம்மை நிறுத்தி, மீதியை அனுப்பி, புதிய இடத்தில் தொடரச் செய்வார்கள். 2005இல் கேம்பிரிட்ஜ், கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், விளையாட்டு நடந்துகொண்டிருந்த ஒரு க்வேக் 3 கேம் சர்வரையே இப்படி மாற்றிக் காட்டினார்கள். சேவை நின்ற நேரம் சுமார் 60 மில்லிசெகண்ட்.

ஆனால், இதற்கு நிபந்தனைகள் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே வகை ஹைப்பர்வைசர் வேண்டும். ப்ராசஸர் குடும்பமும் ஒத்துப்போக வேண்டும். இன்டெல் ஹோஸ்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை, ஓடும் நிலையிலேயே ஏஎம்டி ஹோஸ்ட்டுக்கு மாற்ற முடியாது. ஒரே நிறுவனத்தின் ப்ராசஸர்தான் என்றாலும், புதியதில் மட்டுமே உள்ள வசதிகளைப் பார்த்துப் பழகிய விஎம் பழைய ஹோஸ்ட்டுக்குத் திரும்ப முடியாமல் போகலாம்.

விஎம்வேரிலிருந்து ப்ராக்ஸ்மாக்ஸ் என ஹைப்பர்வைசரே மாறினால், விஎம்மை ஷட்டவுன் செய்துதான் ஆக வேண்டும். டிஸ்க் ஃபைலின் வடிவத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். இஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து நேரடியாக இறக்குமதி செய்யும் வசதியை ப்ராக்ஸ்மாக்ஸ் 2024இல் சேர்த்த பிறகு, இந்த வேலை பெருமளவு சுலபமாகியிருக்கிறது.

எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு விஎம்மின் டிஸ்க்கில் 2 டிபி தரவு இருக்கிறது. 1 ஜிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு சுமார் 110 எம்பி போகும் என்று வைத்துக்கொள்வோம். காப்பி ஆக மட்டும் 5 மணி நேரம் பிடிக்கும். இரவு 11 மணிக்குத் தொடங்கினால் விடியற்காலை 4 மணி. ஏதாவது தப்பானால் சரிசெய்யக் கையில் இருப்பது 2 மணி நேரம்தான். அதனால்தான் அனுபவசாலிகள் நெட்வொர்க் வேகத்தை முன்கூட்டியே அளந்து பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே நேரத்தை அறிவிக்கிறார்கள்.

காப்பி ஆன பிறகு எது உடையும்?

டிரைவர்: கேவிஎம் தரும் ‘விர்ட்ஐஓ’ வகை டிஸ்க்குக்கான டிரைவர் விண்டோஸில் இயல்பாக இருக்காது. முன்கூட்டியே போடாவிட்டால், பூட் ஆகும்போதே நீலத்திரை வந்து நிற்கும். லினக்ஸில் பொதுவாக இந்தப் பிரச்சினை இல்லை.

பூட் முறை: பழைய விஎம் பயாஸ் முறையில் பூட் ஆனதா, யூஇஎஃப்ஐ முறையிலா? புதிய இடத்திலும் அதே முறையைத் தேர்வு செய்ய வேண்டும். இல்லையென்றால், டிஸ்க் பத்திரமாக இருந்தும் பூட் ஆகாது.

நெட்வொர்க் கார்டு: விஎம்வேரில் ‘இஎன்எஸ்192’ என்ற பெயரில் இருந்த கார்டு, ப்ராக்ஸ்மாக்ஸில் ‘இஎன்எஸ்18’ ஆகிவிடலாம். பழைய பெயரை வைத்து எழுதிய ஐபி அமைப்பு வேலை செய்யாது. விஎம் ஓடும், ஆனால் யாராலும் தொடர்புகொள்ள முடியாது. மேக் முகவரி மாறினால், அதை வைத்து உரிமம் கொடுத்த மென்பொருள்களும் மக்கர் செய்யும்.

உரிமம்: விண்டோஸ் சர்வருக்கான உரிமம் ஹோஸ்ட்டில் உள்ள கோர் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஒரு சர்வருக்குக் குறைந்தபட்சம் 16 கோர். பழைய ஹோஸ்ட் 16 கோர், புதியது 32 கோர் என்றால், விஎம் எண்ணிக்கை கூடாவிட்டாலும் உரிமச் செலவு கூடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 3 பழைய ஹோஸ்ட்களில் இருந்ததை ஒரே புதிய சர்வரில் அடக்குவது மின்சாரத்துக்கும் இடத்துக்கும் லாபம்தான். ஆனால், முன்பு ஒரு ஹோஸ்ட் விழுந்தால் மூன்றில் ஒரு பங்கு வேலை நின்றது. இனி அந்த ஒரு சர்வர் விழுந்தால் எல்லாமே நிற்கும். இரண்டாவது சர்வருக்குப் பட்ஜெட் இல்லையென்றால், வேறொரு இயந்திரத்தில் பேக்கப்பாவது இருக்க வேண்டும். அந்த பேக்கப்பிலிருந்து ஒரு முறையாவது விஎம்மை மீட்டெடுத்து ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

இதில் மிகப் பெரிய ஆபத்து எது?

நீலத்திரை வந்தால் உடனே தெரிந்துவிடும். தெரியாமல் நடக்கும் தவறுதான் ஆபத்து. காப்பி எடுத்த பிறகும் பழைய விஎம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வாடிக்கையாளர்களின் ஆர்டர்கள் பழையதில் பதிவாகும், சில புதியதில் பதிவாகும். திங்கட்கிழமை பார்த்தால் இரண்டு டேட்டாபேஸ், இரண்டிலும் பாதி உண்மை. இரண்டையும் ஒன்றாக்குவது நாள்கணக்கில் இழுக்கும் வேலை. சில நேரம் முடியாமலேயே போகும். எனவே, புதியதை ஆன் செய்வதற்கு முன் பழைய விஎம்மை ஷட்டவுன் செய்து, அதன் நெட்வொர்க் இணைப்பையும் துண்டித்துவிட வேண்டும். ஆனால், அழித்துவிடக் கூடாது.

டிஎஸ்பி வங்கி கற்றுத்தந்த பாடம்

இது வெறும் விஎம் மாற்றமல்ல, ஒரு வங்கியின் மொத்தக் கணினி அமைப்பும் மாறிய கதை. பாடம் ஒன்றுதான். 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, லாயிட்ஸ் குழுமத்தின் அமைப்பிலிருந்து, தன் புதிய உரிமையாளரான ஸ்பெயின் வங்கி சபடெல்லின் தொழில்நுட்பத்தில் உருவான தளத்துக்கு ஒரே வார இறுதியில் மாறியது. தரவு பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால், புதிய தளம் உடனே தடுமாறியது. வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். நிலைமை முழுவதும் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்ட்.

சரி, பழைய சர்வரை எப்போது அணைக்கலாம்?

தரவு போய்ச் சேர்ந்த நாளில் அல்ல. திரும்பி வரத் தேவையில்லை என்று உறுதியான நாளில்தான்.

அந்த உறுதி படிப்படியாக வரும். எது போனாலும் பெரிதாகப் பாதிக்காத ஒரு விஎம்மை முதலில் மாற்றிப் பாருங்கள். அதில் என்னென்ன உடைந்தது என்று எழுதி வையுங்கள். அடுத்த விஎம்முக்கு அதுதான் கையேடு. டேட்டாபேஸையும் லாகின் சர்வரையும் கடைசியில் வையுங்கள். ‘காலை 4 மணிக்குள் இது ஓடாவிட்டால் பழையதற்கே திரும்புவோம்’ என்று நேரத்தையும், அந்த முடிவை எடுப்பவர் யார் என்பதையும் முன்பே தீர்மானியுங்கள். தூக்கக் கலக்கத்தில், ‘இன்னும் பத்து நிமிஷம் பாக்கலாம்’ என்று சொல்லிச் சொல்லியே விடிந்துவிடும்.

புதிய இடத்தில் வேலை தொடங்கியபின் பதிவாகும் தரவு பழைய விஎம்மில் இருக்காது என்பதையும் மறக்கக் கூடாது. முதல் வாரத்தில் தினமும் பேக்கப் எடுப்பது அதற்காகத்தான். சம்பளக் கணக்கு, மாத இறுதி ரிப்போர்ட் போல மாதத்துக்கு ஒரு முறை மட்டும் ஓடும் வேலைகளும் இருக்கும். அவை ஒரு சுற்றாவது புதிய சர்வரில் ஒழுங்காக முடியட்டும். அதுவரை பழைய ஹோஸ்ட் ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும். அதன் மின் கட்டணத்தைவிட, தொலைந்த ஒரு நாள் தரவின் விலை அதிகம்.